விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எங்கள் இரண்டரை வயது லேப்ரடாரை ஜூன் பாதியில் இணை சேர்த்தோம். இப்போது ஐந்து வாரம். குட்டிகளை விற்றால் கொஞ்சம் காசு வரும் என்கிறாள் மனைவி. நாய்க்கு எல்லாம் தானாகத் தெரியும், நீ சும்மா இரு என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாமா? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

அன்புள்ள தம்பி,

பார்க்கலாம். அங்கிள் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் நீங்கள் வேண்டும்.

எங்கள் பெட்டை முதல் ஈற்றில் மூன்று குட்டி போட்டாள். அப்புறம் முக்கிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குறுக்கே மாட்டிக்கொண்ட குட்டியும் அதன் பின்னால் இருந்ததும் செத்துத்தான் வெளியே வந்தன. டவலில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

இணை சேர்த்த நாளிலிருந்து ஏறக்குறைய 63 நாள் கணக்கு, சில நாள் முன்பின் ஆகும். 55 நாள் தாண்டியதும் எக்ஸ்ரே எடுங்கள், குட்டிகளை எண்ணிவிடலாம். எட்டு என்று தெரிந்தால் ஏழோடு நின்றதும் முடிந்தது என்று ஏமாற மாட்டீர்கள். கடைசி வாரம் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 38 டிகிரிக்கு மேல் இருக்கும் சூடு 37 பக்கம் இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும்.

அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லையா, ஒரு குட்டி வந்தபின், உள்ளே இன்னும் இருக்கும்போதே அடுத்தது வராமல் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டதா, முதல் குட்டிக்கு முன்பே பச்சையாக நீர் வருகிறதா, உடனே காரில் ஏற்றுங்கள். ராத்திரி 2 மணிக்கு எந்த டாக்டர் இருப்பார், சிசேரியனுக்கு எவ்வளவு ஆகும் என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள். அந்தப் பணம் இப்போதே கையில் இருக்க வேண்டும். குட்டி விற்றுக் கட்டலாம் என்ற கணக்கு வேண்டாம்.

நம் பக்கத்து ஆகஸ்ட் குளிர் நமக்கு லேசு, குட்டிக்கு இல்லை. முதல் வாரங்களில் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. கரண்ட் போனால் சுடுநீர்ப் பையைத் துணியில் சுற்றி, குட்டிகள் இருக்கும் பெட்டியின் ஒரு பக்கமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டும். சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், முதலில் உடம்பு சூடாகட்டும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்துக்கு எடை போடுங்கள். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். இரண்டாம் நாளும் எடை ஏறாத குட்டிக்கு ஏதோ சரியில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்.

தாயையும் கவனியுங்கள். பால் நிறையச் சுரக்கும் வாரங்களில் அவள் நடுங்கினாலோ விறைத்து நடந்தாலோ கால்சியம் இறங்கியிருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அதற்குப் பயந்து சினையாக இருக்கும்போதே கால்சியம் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், அது கெடுதல்.

எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் கொடுக்க வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோயான பார்வோவுக்கான ஊசியைக் குறித்த நாளில் போடுங்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி இங்கே சட்டப்படி கட்டாயம் என்று வாங்குகிறவரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்குப்படி எட்டு வாரம் முடிவது அக்டோபர் பாதியில், சில வருஷம் தீபாவளியும் அந்தப் பக்கம்தான் வரும். பட்டாசு வெடிக்கிற நாளில் தாயைவிட்டுப் பிரித்துப் புது வீட்டுக்கு அனுப்பாதீர்கள், இன்னும் ஒரு வாரம் அவளிடமே இருக்கட்டும்.