பத்து பேர் கை வைக்கும் ஷீட்: வாசகர் கேள்வி-பதில்

ஒரே ஆர்டரை, ஒரே புராஜெக்டைப் பல பேர் ஆன்லைனில் சேர்ந்து நடத்துவது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி (மெர்ச்சண்டைசர், திருப்பூர்): டி அண்ட் ஏ காலண்டரை (ஆர்டரின் ஒவ்வொரு கட்டமும் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்ற அட்டவணை) கூகுள் ஷீட்டில் போட்டு ஒன்பது பேர் பயன்படுத்துகிறோம். யாரோ சார்ட் செய்ததில் (வரிசைப்படுத்தியதில்) பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) எண் ஒரு பக்கம், ஸ்டைல் (ஆடை மாடல்) எண் ஒரு பக்கமாகக் கலைந்துவிட்டது. கன்ட்ரோல் இசட் அடித்தும் சரியாகவில்லை. என்ன செய்வது?

பதில்: கன்ட்ரோல் இசட் நீங்கள் செய்ததை மட்டும்தான் திருப்பும், அடுத்தவர் செய்ததைத் தொடாது. ஒரே ஒரு பத்தியை (மேலிருந்து கீழான செங்குத்து வரிசையை) மட்டும் செலக்ட் செய்து சார்ட் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்தி மட்டும் இடம் மாறும், பக்கத்துப் பத்திகள் அப்படியே நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும் என்பதால் சாயம் போட அனுப்பிய பிறகுதான் தவறு வெளியே வரும்.

பதற்றத்தில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'க்குப் போய் 'ரீஸ்டோர்' அழுத்திவிடாதீர்கள். ஷீட் கலைந்த நேரத்துக்குப் பிறகு மற்ற எட்டுப் பேர் போட்ட பதிவுகளும் அதோடு போய்விடும். கலைவதற்கு முந்தைய பதிப்பைத் திறந்து, அதன் மூன்று புள்ளி மெனுவில் 'மேக் எ காப்பி' கொடுத்துத் தனி ஷீட்டாக எடுங்கள். அதிலிருந்து கலைந்த பத்தியை மட்டும் காப்பி செய்து நடப்பு ஷீட்டில் ஒட்டுங்கள். இடையில் புது வரிகள் சேர்ந்திருந்தால், முதலில் அவற்றை வெட்டி ஓரமாக வைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

யார் செய்தது என்று பார்க்க, செல்லில் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பார்க்கலாம். வரி சேர்த்தது, நீக்கியது அதில் வராது. இன்னொன்று: 'லிங்க் உள்ள எவரும் எடிட் செய்யலாம்' என்று ஷேர் செய்திருந்தால், கூகுள் கணக்கில் லாகின் செய்யாமல் வருபவரின் பெயர் ஹிஸ்டரியில் இருக்காது. ஒன்பது பேரையும் அவரவர் மெயில் ஐடி போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

இனி நடக்காமல் இருக்க, பார்ப்பதற்காக வரிசைப்படுத்துபவர்கள் 'ஃபில்டர் வியூ' போட்டுக்கொள்ளட்டும். அதில் செய்யும் சார்ட்டும் ஃபில்டரும் அவர்கள் திரையோடு நிற்கும். பிஓ, ஸ்டைல், அளவு, திட்டத் தேதி ஆகிய பத்திகளை 'டேட்டா' மெனுவின் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' மூலம் சீனியர் ஒருவர் பெயரில் பூட்டுங்கள். மற்றவர்களுக்குத் திறந்திருக்க வேண்டியது 'நடந்த தேதி'யும் 'குறிப்பு'ம் மட்டுமே. பூட்டு முழுப் பாதுகாப்பு இல்லை. திறந்திருக்கும் பத்திகளில் ஒன்றை மட்டும் சார்ட் செய்து கலைக்க இன்னமும் வழி இருக்கிறது. அதனால் ஃபில்டர் வியூ பழக்கம்தான் முக்கியம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல டி அண்ட் ஏ ஷீட்களில் திட்டத் தேதியையே அழித்துப் புதுத் தேதி எழுதுகிறார்கள். லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் பையரிடம் (வாங்குபவரிடம்) நின்றதா, சாயப்பட்டறையில் நின்றதா, காம்பாக்டிங்கில் (துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலையில்) நின்றதா என்பது அத்தோடு மறைந்துவிடும். கடைசியில் ஏர் ஷிப்மென்ட் (விமானத்தில் அனுப்பும்) செலவு யார் தலையில் என்ற பேச்சு வரும்போது கையில் ஆதாரம் இருக்காது. ஒவ்வொரு கட்டத்துக்கும் திட்டம், திருத்தம், நடந்தது என மூன்று பத்தி வையுங்கள். திட்டத் தேதியைக் கையால் அடிக்காமல் எக்ஸ்-ஃபேக்டரி தேதியிலிருந்து (சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து) பின்னோக்கிக் கணக்கிடச் செய்யுங்கள். 'வொர்க்டே.இன்ட்ல்' சூத்திரத்தில் நாட்களை மைனஸில் கொடுத்து, வார விடுமுறைக்கான இடத்தில் 11 போட்டால் ஞாயிறு மட்டும் விடுமுறையாகும். அதற்கடுத்த இடத்தில் உங்கள் விடுமுறைப் பட்டியலைக் கொடுக்கலாம். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் திரும்பிவர ஆகும் நாட்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அரசு விடுமுறையை மட்டும் நம்பினால் கட்டிங் தேதி தப்பும்.

ஷீட்டின் 'செட்டிங்ஸ்' போய் 'லொகேல்' (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) இந்தியாவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவாக இருந்தால், ஜூன் 5 என்று நினைத்து நீங்கள் அடிக்கும் 5/6 மே 6 ஆகிவிடும்.

கேள்வி (ஏற்றுமதியாளர், திருப்பூர்): எங்கள் டி அண்ட் ஏ ஃபைலிலேயே காஸ்டிங் (விலைக் கணக்கு) டேபும் இருக்கிறது. அதை ஹைடு செய்துவிட்டு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு (கூலிக்கு வேலை செய்து தரும் பட்டறைகளுக்கு) ஷேர் செய்யலாமா?

பதில்: கூடாது. எடிட் உரிமை உள்ள எவரும் ஹைடு செய்ததை ஒரே கிளிக்கில் திறக்கலாம். புரொடெக்ட் செய்தாலும் அது மாற்றுவதைத்தான் தடுக்கும், பார்ப்பதை அல்ல. காஸ்டிங் தனி ஃபைலாக இருக்கட்டும்.

சிலர் 'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரம் போட்டு, தேவையான பத்திகளை மட்டும் வெளி ஷீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. 'அலோ ஆக்சஸ்' ஒருமுறை கொடுத்துவிட்டால், வெளி ஷீட்டில் எடிட் உரிமை உள்ளவர் சூத்திரத்தில் டேபின் பெயரை மாற்றி, மூல ஃபைலின் எந்த மூலையிலிருந்தும் எடுக்கலாம். வெளியாருக்கு 'வியூவர்' உரிமையோடு நிறுத்துங்கள். அவர்கள் பதிவு போட வேண்டுமென்றால் ஒரு கூகுள் ஃபார்ம் கொடுத்தால் போதும்.

கேள்வி (மென்பொருள் நிறுவன புராஜெக்ட் மேனேஜர், சென்னை): மைக்ரோசாஃப்ட் டீம்ஸில்தான் எல்லா ஃபைலும் பகிர்ந்துகொண்டோம். டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போனதும், அவர் அனுப்பிய பல ஃபைல்கள் திறக்கவில்லை. டீம்ஸில் போட்டது எப்படிக் காணாமல் போகும்?

பதில்: டீம்ஸில் ஃபைல் போகும் இடம் இரண்டு. 'சேனல்' ஒன்றில் போட்டது, அந்த டீமுக்கான ஷேர்பாயின்ட் (நிறுவனத்தின் பொது ஃபைல் சேமிப்பு) தளத்தில் சேரும். அது நிறுவனத்துடையது, யார் போனாலும் இருக்கும். 'சாட்'டில் அனுப்பியதோ, குரூப் சாட்டாகவே இருந்தாலும், அனுப்பியவருடைய ஒன்டிரைவில் (தனிநபர் சேமிப்பில்) 'மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சாட் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் உட்காரும். உங்களுக்கு வந்தது அதைத் திறக்கும் அனுமதி மட்டுமே. அவர் கணக்கை ஐடி பிரிவு நீக்கினால் அந்த ஒன்டிரைவும் சிறிது காலத்தில் அதோடு போகும்.

உடனே ஐடி நிர்வாகியிடம் போங்கள். யாரும் அமைப்பை மாற்றியிருக்கவில்லை என்றால், கணக்கு நீக்கப்பட்ட பிறகும் ஒன்டிரைவ் 30 நாள் வைக்கப்படும். அதற்குள் ஃபைல்களை சேனலுக்கு நகர்த்திவிடலாம்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்துபவர்களுக்கும் கதை இதேதான். 'மை டிரைவ்'வில் உருவாக்கிய ஃபைல் அந்த ஆளுடையது, 'ஷேர்டு டிரைவ்'வில் உள்ளது நிறுவனத்துடையது. அங்கே நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். நீக்கும்போதே டிரைவ் ஃபைல்களை வேறொருவர் பெயருக்கு மாற்றச் சொல்லி ஒரு திரை வரும். அவசரத்தில் அதைத் தாண்டிப் போகாதீர்கள். சொந்த ஜிமெயிலில் கம்பெனி ஃபைல்களை வைத்திருப்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். அங்கே உரிமையை மாற்ற ஃபைலின் சொந்தக்காரரே முன்வர வேண்டும். அவர் மனக்கசப்போடு போயிருந்தால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி (இன்டீரியர் ஒப்பந்ததாரர், கோவை): ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். எது முடிந்தது, எது பாக்கி என்றே தெரிவதில்லை. டிரெல்லோவுக்கு (வேலைகளைக் கார்டுகளாக ஒரு போர்டில் காட்டும் செயலிக்கு) மாறலாமா?

பதில்: மாறலாம், ஆனால் எல்லோரையும் மாற்ற வேண்டாம். கார்பென்டரும் எலக்ட்ரீஷியனும் டிரெல்லோவைத் திறக்கப்போவதில்லை. அவர்கள் வாட்ஸ்அப்பிலேயே படம் போடட்டும். சைட் சூப்பர்வைசரும் ஆபீசில் இருப்பவர்களும் மட்டும் போர்டில் இருந்தால் போதும். இலவசத் திட்டத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு 10 பேர் வரைதான் என்பதால் அதுவே வசதியும்கூட.

கார்டை 'கிச்சன்' என்று எழுதினால் அது என்றைக்கும் முடியாது. 'கிச்சன் கவுன்ட்டர் அளவை இறுதி செய்வது', 'லேமினேட் ஷேடுக்கு ஒப்புதல் வாங்குவது' என்று முடிக்கக்கூடிய வேலையாக எழுதுங்கள். ஒரு கார்டுக்கு ஒரே பெயர், ஒரே தேதி. இரண்டு பெயர் போட்டால் இருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். லிஸ்ட்டுகளில் 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' தவிர 'வீட்டுக்காரர் பதிலுக்காக' என்று ஒன்று கட்டாயம் வேண்டும். உங்கள் தொழிலில் தாமதத்தின் பெரும்பகுதி அந்த லிஸ்ட்டில்தான் தேங்கும். வாரம் ஒருமுறை அதை அப்படியே வீட்டுக்காரரிடம் காட்டலாம். இலவசத் திட்டத்தில் ஒரு ஃபைல் 10 எம்பியைத் தாண்டக் கூடாது. டிராயிங்கை டிரைவில் வைத்து கார்டில் லிங்க் கொடுங்கள்.

கேள்வி (ஸ்டார்ட்அப் ஊழியர், மதுரை): ஸ்லாக் (அலுவலக உரையாடல் செயலி) இலவசத் திட்டத்தில் பழைய உரையாடல்கள் தெரியவில்லையே?

பதில்: 90 நாளுக்கு முந்தையது மறைக்கப்படும், ஒரு வருடம் தாண்டியது நிரந்தரமாக அழிக்கப்படும். முடிவு எடுத்த அன்றே அதை ஒரு டாக்குமென்ட்டில் எழுதிவிடுங்கள்.

கேள்வி (அச்சக மேலாளர், சிவகாசி): டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) பிரிவில் அடித்த தமிழ் விவரங்களை கூகுள் டாக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவம் காட்டுகிறது, அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்துவிடும், தமிழில் தேடவும் முடியாது. எழுத்துரு மாற்றும் கன்வெர்ட்டர் கொண்டு யூனிகோடாக்கிய (எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் முறைக்கு மாற்றிய) பிறகு ஒட்டுங்கள். மாற்றியதும் கொம்பு, கிரந்த எழுத்து, எண்கள் மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். எண்களை விட்டுவிட்டால் நீங்கள் அச்சடிக்கும் காலண்டரில் தேதியே மாறும்.

கேள்வி (ஹோம் டெக்ஸ்டைல் ஏற்றுமதியாளர், கரூர்): ஜெர்மனி பையரோடு வாராந்திரக் கூட்டம் மதியம் 2.30க்கு. சில மாதம் சரியாக வருகிறார்கள், திடீரென்று நேரம் ஒத்துவருவதில்லை என்கிறார்கள்.

பதில்: நம் கடிகாரம் மாறுவதில்லை, அவர்களுடையது மாறுகிறது. உங்கள் 2.30 அவர்களுக்குக் கோடையில் காலை 11, குளிர்காலத்தில் காலை 10. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் நாட்கள். திரும்பத் திரும்ப வரும் அழைப்பு எந்த நேர மண்டலத்தில் உருவாக்கப்பட்டதோ அதையே பிடித்துக்கொள்ளும். பையருக்கு 11 மணிதான் வேண்டுமென்றால், அழைப்பை அவர்கள் பக்கமிருந்து அனுப்பச் சொல்லுங்கள். அல்லது கூகுள் காலண்டரில் உருவாக்கும்போது 'டைம் ஸோன்' கொடுத்து பெர்லின் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது குளிர்காலத்தில் உங்களுக்கு அது 3.30 ஆகும்.

அதே கூட்டத்தில் அமெரிக்க அலுவலகமும் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறுவதால், மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் மூன்று ஊர் கணக்கும் ஒட்டாது. அந்த வாரங்களின் கூட்டங்களை மட்டும் காலண்டரில் தனித்தனியே திறந்து நேரத்தை மாற்றி, 'திஸ் ஈவென்ட்' என்று சேமியுங்கள்.