அப்பா காலத்து வரி

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறையாவது நடக்கும் சண்டை இது. என் அப்பா 1972இல் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பெட்ரோல், ஜிஎஸ்டி என்று வாயைத் திறந்தால் போதும், "எங்க காலத்துல நூத்துக்குத் தொண்ணூத்தேழு ரூபா வரி போட்டாங்க. உனக்குப் பன்னெண்டு லட்சம் வரைக்கும் ஒரு பைசா கிடையாது. இன்னும் என்னடா வேணும்?" என்பார். மாதக் கடைசியில் என் பர்ஸைப் பார்த்தால் வரி குறைந்த மாதிரித் தெரியவில்லை. சாதாரண மனிதருக்கு வரிச்சுமை உண்மையிலேயே முன்பைவிடக் குறைந்திருக்கிறதா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

உங்கள் அப்பா சொல்லும் 97 கட்டுக்கதை இல்லை. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 85 சதவீதம். அந்த வரியின் மேல் இன்னொரு 15 சதவீதம் சர்சார்ஜ். 85இல் 15 சதவீதம் 12.75; இரண்டையும் சேர்த்தால் 97.75 வருகிறது. ஆனால் அது ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயைத் தாண்டிய வருமானத்துக்கு மட்டும்தான். நம் நாட்டில் ஓர் ஆளின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் ஆயிரம் ரூபாயாக இருந்த காலம் அது. அப்படியானால் 2 லட்சம் யாருக்கு வந்திருக்கும்? மில் முதலாளிகள், பெரிய வக்கீல்கள், சினிமா நட்சத்திரங்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான். அவர்களும் முழுசாகக் கட்டிவிடவில்லை. வரி ஏய்ப்புக்கு முதல் காரணமே இவ்வளவு உயர்ந்த விகிதம்தான் என்று நேரடி வரிகளை ஆராய அமைத்த வாஞ்சு குழு 1971லேயே அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அதன் பிறகு விகிதம் 77, 66 என்று இறங்கியது. 1985இல் வி.பி. சிங் 50க்குக் கொண்டுவந்தார். 1997இல் ப. சிதம்பரம் 30 ஆக்கினார்.

சரி, உங்கள் அப்பா கட்டிய வரி எவ்வளவு? அவருடைய சம்பளம் எனக்குத் தெரியாது. மாதம் 600 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,200. அன்றைய வரிவிலக்கு வரம்பு 5,000 ரூபாய், அதற்கு மேல் முதல் படியில் 10 சதவீதம். கழிவுகளை விட்டுவிட்டால் சர்சார்ஜோடு (சின்ன வருமானத்துக்கு அது 10 சதவீதம்தான்) 240 ரூபாய் சொச்சம், அதாவது சம்பளத்தில் மூன்றரை சதவீதம்கூட இல்லை. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் கட்டியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். 97க்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனாலும் ஓர் இடத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை விலைவாசி ஏறக்குறைய 40 மடங்கு ஏறியிருக்கிறது. அன்றைய 600 இன்றைக்கு 24,000 மாதிரி. இன்று மாதம் 24,000 வாங்குகிறவர் வருமான வரியாக ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. 2025 பட்ஜெட்டில் புதிய வரிமுறையின்படி 12 லட்சம் வரை, மாதச் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை, வரி இல்லை என்று நிர்மலா சீதாராமன் அறிவித்தார். மாதச் சம்பளக்காரரின் வருமான வரி குறைந்திருக்கிறது. அதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அன்றைய 5,000 ரூபாய் வரம்பு, சராசரி ஆளின் வருமானத்தைப் போல ஐந்து மடங்கு. இன்றைக்குச் சராசரித் தனிநபர் வருமானம் 2 லட்சத்துக்குச் சற்று மேல்; 12 லட்சம் அதில் சுமார் ஆறு மடங்கு. வருமான வரி என்பது அன்றும் சாதாரண மனிதரைத் தொடவில்லை, இன்றும் தொடவில்லை. கூலிக்காரரும் தறிக்காரரும் காய்கறி வண்டிக்காரரும் அந்த வரம்புக்குக் கீழேதான் எப்போதும் இருந்திருக்கிறார்கள். நீங்களும் அப்பாவும் இத்தனை வருடமாகச் சண்டை போடுவது, நாட்டில் பெரும்பாலானவர்கள் கட்டாத ஒரு வரியைப் பற்றி.

அந்தச் சாதாரண மனிதர்கள் கட்டிய வரி எங்கே இருந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்தக் காலத்துத் தீப்பெட்டி அவருக்கு நினைவிருக்கும். பெட்டியின் மேல் மெல்லிய காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தால்தான் பெட்டியைத் திறக்க முடியும். அந்தப் பட்டைதான் கலால் வரி, அதாவது பொருளைத் தயாரிக்கும்போதே போடும் வரி, கட்டியாகிவிட்டது என்பதற்கு அடையாளம். 1934லிருந்து தீப்பெட்டிக்கு மத்தியக் கலால் உண்டு. சர்க்கரை, மண்ணெண்ணெய், சோப்பு, டீத்தூள், மில் துணி எல்லாவற்றிலும் அது இருந்தது. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசின் வரி வருமானத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் கலாலில் வந்ததுதான். பல பொருள்களுக்கு அதற்கு மேல் மாநிலத்தின் விற்பனை வரி. அதைப் பொது வரியாக இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம். 1939இல், மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி கொண்டுவந்தார். கலாலையும் சேர்த்த விலையின் மேல் விற்பனை வரி, அதாவது வரிக்கும் வரி. எந்தப் பில்லிலும் முழுத் தொகை தெரியாது. உங்கள் அப்பாவும் பாட்டியும் காலையில் அடுப்புப் பற்றவைத்ததிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்கிறவரை வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை.

2017 ஜூலை 1க்குப் பிறகு அந்த வரிகளில் பெரும்பகுதி ஜிஎஸ்டி ஆகிவிட்டது. வரிக்கு வரி என்பது ஓரளவு ஒழிந்தது, பில்லிலும் தொகை தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. இது நல்ல மாற்றம்தான், நான் மனதார வரவேற்றேன். ஆனால் பில்லே போடாத இடத்தில் என்ன நடக்கிறது?

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். தள்ளுவண்டியில் தொடங்கி இப்போது நான்கு பெஞ்சு போட்ட சின்னக் கடை. ஆண்டு வியாபாரம் 20 லட்சத்துக்குள் என்பதால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. "நமக்கெல்லாம் வரி இல்ல தம்பி" என்பார். போன மாதம் ஒருநாள் மதியம், கடை ஓய்ந்த நேரத்தில், அவருடைய கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாதம் மூன்று வணிகச் சிலிண்டர். வீட்டுச் சிலிண்டருக்கு 5 சதவீதம்தான், கடைச் சிலிண்டருக்கு 18. சிலிண்டர் 1,800 என்று போட்டால் ஒன்றுக்கு 270 ரூபாய்க்கு மேல், மூன்றுக்கு 820 ரூபாய். இரண்டு டின் எண்ணெயில் 200 ரூபாய். சந்தைக்குப் போய்வர அவருடைய மொபெட்டுக்கு மாதம் பத்து லிட்டர் பெட்ரோல். மத்தியக் கலாலும் மாநிலத்தின் விற்பனை வரியான வாட்டும் சேர்ந்து லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல், ஆக 400க்குக் குறையாது. 299 ரூபாய் ரீசார்ஜில் 45 ரூபாய். பார்சல் கவரைச் சேர்க்காமலே 1,500ஐ நெருங்கிவிட்டது. அரிசிக்கு மட்டும் பூஜ்யம். அவர் வாங்குவது 26 கிலோ மூட்டை. 25 கிலோ வரை உள்ள லேபிள் ஒட்டிய பைகளுக்கு 5 சதவீதம் என்று 2022 ஜூலையில் வந்ததும், அரிசி ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்தார்கள்.

செலவு போக அவர் கையில் நிற்பது மாதம் 18,000. அதை வைத்துப் பார்த்தால் 1,500 என்பது எட்டு சதவீதம். பதிவு செய்த பெரிய கம்பெனி, தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். அக்காவால் முடியாது. அவர் கொஞ்சம் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார், மீதி இட்லி விலையில் ஏறுகிறது. அதைக் கட்டுவது ஏழு மணிக்கு வந்து நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போகிறவர். நோட்டை மூடிவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ இத்தன நாளும் நான் கட்டிட்டுத்தான் இருந்தேனா?"

பெட்ரோல் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 2014இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்தியக் கலால் 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம், ஊரடங்கில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை தரையைத் தொட்டிருந்தபோது, அதை 32 ரூபாய் 98 காசுக்கு ஏற்றினார்கள். வேலையில்லாமல் ஜனங்கள் வீட்டில் முடங்கிக் கிடந்த மாதம் அது. பிறகு இரண்டு முறை குறைத்தார்கள், 2025 ஏப்ரலில் திரும்ப 2 ரூபாய் கூட்டி 21.90 ஆனது. தமிழக அரசு 2021இல் 3 ரூபாய் குறைத்தது, அதற்கு நன்றி. ஆனால் பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரச் சென்னையும் விரும்பவில்லை, டெல்லியும் விரும்பவில்லை. மொபெட் ஓட்டுகிறவரும் வெளிநாட்டுக் கார் ஓட்டுகிறவரும் லிட்டருக்கு ஒரே வரிதான் கட்டுகிறார்கள்.

உண்மையிலேயே வரி குறைந்தது யாருக்கு என்று கேட்டால், எனக்குத் தயக்கமில்லாத பதில் இருக்கிறது: மேலே இருப்பவர்களுக்கு. அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெரிய சொத்தை விட்டுவிட்டு ஒருவர் இறந்தால் வாரிசுகள் எஸ்டேட் டியூட்டி கட்ட வேண்டும், உச்சத்தில் 85 சதவீதம். அது 1985இல் போயிற்று. செல்வ வரி 2015இல் போயிற்று. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாக்கினார்கள்; அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. விளைவு கண்கூடு. 2023-24இல் தனிநபர்கள் கட்டிய வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது, கம்பெனிகள் கட்டியது 9 லட்சம் கோடி சொச்சம். இதற்கிடையில் மத்தியும் மாநிலமும் சேர்ந்து வாங்கும் மொத்த வரி குறையவே இல்லை. 1980களின் கடைசியில் நாட்டு உற்பத்தியில் 16 சதவீதமாக இருந்தது, இப்போது 17, 18. மேலே விட்டதை வேறு எங்கோ வாங்கித்தானே ஆக வேண்டும்? 85 சதவீதம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல நூறு கோடி கைமாறும்போது நியாயமான ஒரு வாரிசு வரி இருக்கட்டும். அந்தப் பணத்தில் கடைச் சிலிண்டரின் 18ஐ 5 ஆக்கட்டும். இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒன்றை விட்டுவிட்டால் அக்காவே கோபித்துக்கொள்வார். அவருடைய மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலையில் உப்புமாவும் கிச்சடியும் பள்ளியிலேயே கிடைக்கிறது. கடைக்கு உதவியாக வரும் அம்மா டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் வருகிறார், பெண்களுக்கு அது இலவசம். ரேஷன் அரிசிக்குக் காசில்லை. கொடுத்ததில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது, அப்பா காலத்தைவிட அதிகமாகவே வருகிறது. ஆனால் உங்களைப் போன்றவர்கள் பிள்ளையின் படிப்புக்கும் அம்மாவின் சிகிச்சைக்கும் தனியாரிடம் கொடுப்பதையும் வரியோடு சேர்த்தே உங்கள் பர்ஸ் எண்ணுகிறது. உங்களுக்குச் சுமை குறைந்ததாகத் தெரியாததற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் 97ஐ ஒப்புக்கொண்டுவிடுங்கள், அது உண்மைதான். அதன் பிறகு அந்தத் தீப்பெட்டிப் பட்டையைப் பற்றிக் கேளுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு தீப்பெட்டி கிடந்தால், எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.