ஓட்ஸை நிறுத்தியும் தசை இறுகுகிறதா? உலர்புல்லைப் பாருங்கள்

ஓட்ஸை நிறுத்திய பிறகும் உங்கள் குதிரையின் பின்தொடை கட்டைபோல் இறுகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனம் கனத்தது. மரபணுச் சோதனையில் பிஎஸ்எஸ்எம் (தசைகளில் சர்க்கரைச் சேமிப்பு அளவுக்கு மீறும் பரம்பரை நோய்) முதல் வகை என்று உறுதியாகிவிட்டதால், அடுத்துக் கவனிக்க வேண்டியது உலர்புல். பார்வைக்கு நன்றாக இருக்கும் புல்லிலும் சர்க்கரை மிகுந்திருக்கலாம். ஆய்வகத்தில் சோதித்து, சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 12 சதவீதத்துக்குள் இருப்பதையே வாங்குங்கள். அதுவரை, இருப்பதை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தேநீர் நிறத்தில் இறங்கும் அந்தத் தண்ணீரை அவசியம் கொட்டிவிடுங்கள். என் குதிரையிடம் முதல் மாற்றம் இதில்தான் தெரிந்தது.

குதிரை மெலிந்திருந்தால் மட்டும் எண்ணெய் சேருங்கள், கூடவே வைட்டமின் ஈ. வலி தணிந்ததும் தினமும் நடத்துங்கள்; நடையில்லாமல் தீவனம் மட்டும் காப்பாற்றாது. சிறுநீர் காப்பி நிறமானால் நடத்தவே கூடாது, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.