பஸ்ஸர்பீட்டர் கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டில் உயரமான இளம் வீரருக்கு எந்தத் திறனை முதலில் பயிற்றுவிக்க வேண்டும்?

டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், கிடைத்த 18 வயதுப் பையன் 208 சென்டிமீட்டர் உயரம் என்றும், அவனை முதல் வாரத்திலிருந்தே கூடைக்கு அருகில் ஆடும் சென்டர் இடத்தில் நிறுத்தி இன்சைடு ஷாட், இன்சைடு டிஃபென்ஸ், ரீபவுண்டிங் ஆகியவற்றை மாறி மாறிப் பயிற்றுவிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். அவன் வளர்ந்த பிறகு ஆடப்போகும் இடம் எந்தத் திறன்களை அவனிடம் எதிர்பார்க்காதோ, அவற்றையே முதல் இரண்டு சீசன்களில் கற்றுக்கொடுங்கள். இதை நான் கற்றது ஒரு நல்ல வீரனைக் கெடுத்துத்தான்.

என் முதல் பயிற்சி வீரனும் ஏறக்குறைய உங்கள் பையனைப் போன்றவனே. உயரமானவனுக்கு இன்சைடு ஷாட், ரீபவுண்டிங் போன்ற உள்திறன்கள் வேகமாக ஏறும், பாஸிங் (பந்தைத் தோழனுக்கு அனுப்புதல்), ஹேண்ட்லிங் (பந்தைக் கையாளுதல்) போன்ற வெளித்திறன்கள் மெதுவாக ஏறும் என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி என்பதால், வேகமாக ஏறுவதையே பயிற்றுவிப்பதுதான் அறிவுடைமை என்று நான் நம்பினேன். மூன்று சீசன்கள், அதாவது 42 வாரங்கள், அவனைச் சென்டர் இடத்தைவிட்டு நகர்த்தவே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பயிற்சி முடிவைத் திறந்து பார்க்கையில் ஏதேனும் ஓர் உள்திறன் ஒரு படி ஏறியிருப்பதைக் காண்பது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு புதிய சீசன் தொடங்கும்போதும் வீரர்களின் ஊதியம் அவர்களின் திறன்களைக் கொண்டு புதிதாகக் கணக்கிடப்படும் என்பதை நான் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. நான்காவது சீசனின் முதல் நாள் அவனுடைய ஊதியத்தைப் பார்த்தபோது, என் அணியின் வாராந்திர வருவாய் அந்த ஒருவனுக்கே பெரும்பகுதி கரையப்போகிறது என்று புரிந்தது. விற்கவும் முயன்றேன். வாங்க முன்வந்தவர்கள் அனைவரும் ஊதியத்தைப் பார்த்துவிட்டு, அவனுக்குப் பாஸிங்கும் ஹேண்ட்லிங்கும் அறவே இல்லை என்பதையும் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்ததில் பாதி விலைகூடத் தர மறுத்தார்கள்.

இதற்கான காரணம் ஊதியக் கணக்கில் இருக்கிறது. ஒரு வீரன் எந்த இடத்துக்கு மிகவும் பொருத்தமானவனோ அந்த இடத்தின் முதன்மைத் திறன்களே அவன் ஊதியத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. சென்டருக்கு உள்திறன்கள் ஒரு படி ஏறினால் ஊதியம் கணிசமாக ஏறும். அவனுடைய பாஸிங்கோ ஹேண்ட்லிங்கோ ஒரு படி ஏறினால் ஊதியம் பெரிதாக அசையாது. ஆனால் களத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. பந்தைக் கையில் வாங்கிய சென்டருக்கு ஹேண்ட்லிங் 2 ஆக இருந்தால் பந்து பறிபோகும். பாஸிங் 2 ஆக இருந்தால், காலியாக நிற்கும் தோழனுக்குப் பந்து போய்ச் சேராது. 2014 டிராஃப்டில் 41ஆவதாகத் தேர்வான நிக்கோலா யோக்கிச்சை மூன்று முறை என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க வீரராக்கியதில் அவருடைய உயரத்தைக் காட்டிலும் பாஸிங்குக்கே அதிகப் பங்கு உண்டு என்பது என் கருத்து. கற்பனை அணிகளிலும் கணக்கு அவ்வளவாக மாறுவதில்லை.

வரிசை ஏன் முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம்; உள்திறன்களை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வயது கூடக் கூடப் பயிற்சியின் வேகம் குறைந்துகொண்டே போகும். 18, 19 வயதில் கிடைக்கும் வேகம் மீண்டும் கிடைக்காது. அவனுடைய உயரம் எதற்குத் தடையோ அந்தத் திறன்களுக்கு அந்த வேகத்தைச் செலவிட்டு, உயரம் துணைநிற்கும் உள்திறன்களை 21, 22 வயதுக்கு ஒத்திவைத்தால், அப்போதும் அவை ஓரளவு நன்றாகவே ஏறும். தவிர, உள்திறன்கள் தாமதமாக ஏறுவதால் ஊதியமும் தாமதமாகவே ஏறும். இடைப்பட்ட சீசன்களில் சேமிக்கும் பணத்தைச் சிறந்த பயிற்சியாளரை வைத்துக்கொள்ளச் செலவிடலாம். பள்ளிப் பருவத்தில் பந்தைக் கையாளும் கார்டாக ஆடி, பிறகு ஏறத்தாழ 8 அங்குலம் வளர்ந்து பெரிய ஆட்டக்காரராக மாறிய என்.பி.ஏ. வீரர் ஆந்தனி டேவிஸ் இதற்கு நல்ல உவமை. இயற்கை அவருக்குச் செய்ததை நீங்கள் உங்கள் பையனுக்கு மேலாளராக இருந்து செய்யப்போகிறீர்கள்.

செய்முறையில்தான் சிக்கல் வருகிறது. பாஸிங் பயிற்சி பெற அவன், பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடத்தில் ஆடியாக வேண்டும், அதுவும் வாரத்துக்கு 48 நிமிடம். வாரத்தில் மூன்று ஆட்டங்கள். ஒரே இடத்துக்கான பயிற்சியைத் தேர்ந்தால் மூன்று பேர் ஆளுக்கு ஓர் ஆட்டம் முழுவதும் ஆடி முழுப் பயிற்சி பெறலாம், இரண்டு இடங்களுக்கான பயிற்சியைத் தேர்ந்தால் ஆறு பேர் பெறலாம், ஆனால் ஆளொன்றுக்குக் கிடைக்கும் பயன் குறையும். ஆறு பேரை அரைகுறையாக வளர்ப்பதைவிட மூன்று பேரை முழுமையாக வளர்ப்பதையே நான் விரும்புகிறேன். அந்த மூவரில் உங்கள் 208 சென்டிமீட்டர் பையனை வியாழக்கிழமை நட்பு ஆட்டத்துக்கு ஒதுக்குங்கள். கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேறிய பிறகு வேறோர் அணியை அழைத்து ஏற்பாடு செய்துகொள்ளும் ஆட்டம் அது. தோற்றால் புள்ளிப் பட்டியலில் எதுவும் மாறாது. பந்தை அவன் எதிரணியினரிடம் இருபது முறை இழந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. செவ்வாய், சனி லீக் ஆட்டங்களில் பாயிண்ட் கார்டு இடத்தை உண்மையிலேயே அந்த இடத்துக்குரிய மற்ற இருவரிடம் ஒப்படையுங்கள். மேலாளர் இல்லாத அணி லீக்கில் இருந்தால், அதனுடன் ஆடும் நாளிலும் இவனை இறக்கிப் பார்க்கலாம். தடுப்பாட்டத்தில் யார் யாரைக் காப்பது என்பதை மாற்றி அமைக்க முடியும் என்பதால், தாக்குதலில் பாயிண்ட் கார்டாக நிற்பவனை எதிரணியின் சென்டரைக் காக்கச் சொல்லிவிட்டால் சேதம் குறையும்.

அந்த 48 நிமிடம் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். வரிசைப் பட்டியலில் அந்த இடத்தின் முதல் ஆட்டக்காரன், மாற்று ஆட்டக்காரன், இருப்பு ஆட்டக்காரன் ஆகிய மூன்று கட்டங்களிலும் அவன் பெயரையே இட வேண்டும். அப்படி இட்டும் ஆறு ஃபவுல் வாங்கி வெளியேறியவர்கள் உண்டு. ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிட்டால் கடைசி நிமிடங்களில் பயிற்சியாளர் முதன்மை வீரர்களை அமரவைத்துவிடுவார் என்பதால், பட்டியலைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லும் விருப்பத்தைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று ஒரு முறை சரிபாருங்கள். என் பையன் ஒரு முறை 41 நிமிடத்தில் நின்றுபோனதற்கு நான் அதைப் பார்க்க மறந்ததே காரணம். மாறாக, ஆர்வ மிகுதியால் ஒருவனை இரண்டு முழு ஆட்டங்களில் இறக்கி 96 நிமிடம் ஆடவைத்தால் பயிற்சி இரட்டிப்பாகாது. அவனுடைய உடல் தகுதிதான் சில வாரங்களில் சரியும். 50 முதல் 70 நிமிடம் வரை என்பதே பெரும்பாலானோர் கடைப்பிடிக்கும் அளவு.

பையனின் பொட்டென்ஷியல், அதாவது அவன் எதுவரை வளர முடியும் என்ற எல்லை, என்ன என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அது நடுத்தரமானதாக இருந்தால் இத்தனை பாடும் வீண். எல்லையை நெருங்கியதும் பயிற்சி முற்றிலும் நிற்காவிட்டாலும் மிகவும் மந்தமாகிவிடும். பொட்டென்ஷியல் ஸ்டார் என்ற படிக்கும் கீழே இருந்தால் அவனை இப்போதே விற்றுவிட்டு வேறொருவனைத் தேடுவதே நல்லது. ஒரே திறனைப் பிடித்துத் தொங்குவதும் கூடாது. தொடர்புடைய மற்றொரு திறன் மிகவும் பின்தங்கியிருந்தால் உயர்ந்த திறன் ஏற மறுக்கும். ஜம்ப் ஷாட் (குதித்து எறியும் திறன்) தரையில் கிடக்க ஜம்ப் ரேஞ்சை (அதைத் தொலைவிலிருந்து எறியும் திறனை) மட்டும் ஏற்ற முயன்றவர்களுக்கு இது தெரியும்.

பொறுமை இழக்கும் வாரங்கள் வரும். ஒவ்வொரு படிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பின்னங்கள் இருப்பதால், மூன்று வாரம் பயிற்சி தந்தும் எண் அப்படியே நிற்பது இயல்பே. உயரமான வீரனின் பாஸிங்கில் இது இன்னும் நீளும். இப்போது என்னிடம் இருக்கும் இரண்டாவது பையன் 205 சென்டிமீட்டர் உயரம். இரண்டு சீசன்களாகப் பாயிண்ட் கார்டாக நட்பு ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருக்கிறான். பாஸிங்கும் ஹேண்ட்லிங்கும் 7 என்ற படியை எட்டிவிட்டன, ஊதியமோ என் மாற்று ஆட்டக்காரர்களுடையதைவிடக் குறைவு. வரும் சனிக்கிழமை ஆட்டத்தில்தான் அவன் முதன்முறையாகச் சென்டர் இடத்தில் நிற்கப்போகிறான்.