மாலை கழற்றிய மறுநாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். வார நாட்களில் மதுவைத் தொடுவதில்லை. சனிக்கிழமை வாரக்கூலி கொடுத்து முடித்து நண்பர்களோடு உட்கார்ந்தால் மூன்று குவாட்டர் வரை போய்விடுகிறது. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதே பல வாரம் நினைவில் இருப்பதில்லை. சென்ற மாதம் என் மகள், "அப்பா, ராத்திரி என்னை ஏன் அப்படித் திட்டுனீங்க?" என்று கேட்டாள். திட்டியதே எனக்குத் தெரியாது. நிறுத்திவிட முடிவு செய்துவிட்டேன். நண்பர்களோ, "நீ குடிகாரன் இல்லையே, அளவாகக் குடி" என்கிறார்கள். ஆண்டுதோறும் சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாட்கள் ஒரு சொட்டும் தொடாத எனக்கு, அளவாகக் குடிக்க முடியாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்லும் 'அளவு' எது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் கடைகளில் விற்கும் பிராந்தியின் வீரியம் 42.8 விழுக்காடு, 180 மில்லி குவாட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ அருந்துவதையே உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கணக்கிடுகிறது. ஆக, 'ஒரு குவாட்டரோடு எழுந்துவிடுவேன்' என்று நம்மூரில் பெருமையாகச் சொல்லப்படும் கட்டுப்பாடே அந்த வரம்பில்தான் நிற்கிறது. நீங்கள் அதன் மும்மடங்கில் இருக்கிறீர்கள். கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம் என்ற வேகத்தில்தான் ஆல்கஹாலைச் சிதைக்கும் என்பதால், ஞாயிறு காலை கறிக்கடைக்கு வண்டியை எடுக்கும்போதும் உங்களுக்குப் போதை தெளிந்திருக்காது.

நினைவில் இல்லை என்கிறீர்கள். அது மறதி அன்று. இரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. பேச்சும் நடையும் தொடர்கின்றன, பதிவு மட்டும் நடப்பதில்லை. பதியாததை எவ்வளவு யோசித்தாலும் மீட்க முடியாது. அந்த இரவு உங்கள் மகளிடம் மட்டுமே இருக்கிறது.

மாலையைப் பற்றிய உங்கள் வாதம் எனக்கு நேர்மாறாகப் படுகிறது. 48 நாட்களும் உங்களால் முடிந்தது குடிக்காமல் இருப்பது. அளவாகக் குடிப்பதை நீங்கள் ஒரு சனிக்கிழமைகூடச் செய்து காட்டவில்லை. மாலை போட்ட நாட்களில், குடிக்கலாமா வேண்டாமா என்ற விவாதம் உங்களுக்குள் எழுவதே இல்லை. ஊர் உங்களைச் சாமி என்று அழைக்கிறது, உங்களுக்கு ஊற்ற நினைப்பவனை மற்ற நண்பர்களே அதட்டுகிறார்கள். அளவுக் குடியில் இத்தகைய துணை எதுவும் கிடையாது. போதும் என்று தீர்மானிக்க வேண்டிய மூளையைத்தான் முதல் இரண்டு கோப்பைகள் முதலில் மழுங்கடிக்கின்றன.

மாலைக்கு ஒரு குறை உண்டு: அதற்குக் கழற்றும் நாள் இருக்கிறது. மலையிறங்கி வரும் வேனிலேயே அடுத்த சனிக்கிழமைக்கு இடம் பேசும் சாமிகளை நானே பார்த்திருக்கிறேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கிய, குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் கணக்கு வேறு. அங்கே 'இன்று மட்டும் குடிப்பதில்லை' என்பதுதான் விரதம். எண்ணிக் காத்திருக்க இறுதி நாள் இல்லை. அதன் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. போய் உட்கார்ந்து பாருங்கள்.

மருத்துவரையும் பாருங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாட்களில் வலிப்பும், தொடர்ந்து பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாரம் ஒருமுறை குடிப்பவருக்கு அது அரிது. ஆனால் இடையில் குடிப்பதுண்டா, காலையில் கை நடுங்குகிறதா என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளை அவர் தரக்கூடும். சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை மட்டும் வீட்டில் யாரும் வாங்க வேண்டாம்.

வாரக்கூலியை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டு, சனி மாலை வீட்டில் இருங்கள். நிறுத்திவிட்டதை நண்பர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாலை போட்டபோது ஊரறியத்தானே போட்டீர்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன், அந்த இரவு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவளையே கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

அன்புடன்.