ஓசை அடங்கிய கடலும் எண்ணெய்க் கிணறும்: இனுப்பியாட் திமிங்கல வேட்டை குறித்த கேள்வி பதில்

அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுப்பியாட் மக்கள் நடத்தும் திமிங்கல வேட்டையைப் பற்றியும், அதே கடலில் எண்ணெய் நிறுவனங்கள் மேற்கொள்ளும் பணிகளைப் பற்றியும் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, திமிங்கல வேட்டைக்கு உலகெங்கும் தடை இருக்கும்போது இவர்களுக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைக்கிறது?

தடை வணிக வேட்டைக்குத்தான். பழங்குடி மக்கள் தம் உணவுக்காக நடத்தும் வேட்டையைச் சர்வதேச திமிங்கல ஆணையம் தனி வகையாகவே நடத்துகிறது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் அலாஸ்கா பழங்குடியினருக்கு விலக்கு அளிக்கிறது. அவர்கள் வேட்டையாடுவது போஹெட் என்னும் திமிங்கலத்தை. வில்லைப் போல் வளைந்த பெருந்தலை உடையது. ஏறத்தாழ அறுபது அடி வரை வளரும். 2019 முதல் 2025 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு மொத்தம் 392 திமிங்கலங்களைக் கரைசேர்க்கலாம் என்று ஆணையம் ஒதுக்கீடு செய்தது. ஆண்டுக்கு இத்தனை முறைதான் ஈட்டி எறியலாம் என்ற வரம்பும் அதில் உண்டு. அடிபட்டுத் தப்பிய திமிங்கலமும் கணக்கில் சேரும் என்பதால் குறி தவறாமல் எறிய வேண்டிய பொறுப்பு வேட்டைக்காரருடையது. இந்த ஒதுக்கீட்டில் ரஷ்யாவின் சுகோட்கா பழங்குடியினருக்கும் ஒரு பங்கு உண்டு.

கேள்வி: இந்தத் திமிங்கலங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தானே? 1977இல் வேட்டையையே நிறுத்தினார்கள் என்று படித்தேன்.

அவர்கள் அல்லர். 1848இல் அமெரிக்க வணிகக் கப்பல் ஒன்று பெரிங் நீரிணையைக் கடந்து வடக்கே சென்றது. அதைப் பின்தொடர்ந்து நூற்றுக்கணக்கான கப்பல்கள் எண்ணெய்க்காகவும், வாயில் இரையை வடிகட்டும் பலீன் தகடுகளுக்காகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் வேட்டையாடித் தீர்த்தன. 2007இல் அலாஸ்காவின் வடகரையிலுள்ள உட்கியாக்விக் ஊரார் கரைசேர்த்த ஒரு திமிங்கலத்தின் உடலில், 1880ஆம் ஆண்டையொட்டி நியூ பெட்ஃபோர்ட் நகரில் செய்யப்பட்ட வெடியீட்டியின் உலோகத் துண்டு ஒன்று புதைந்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த உலோகத்தைச் சுமந்துகொண்டே அது நீந்தியிருக்கிறது. இனுப்பியாட் மக்களோ பல நூற்றாண்டுகள் இதே திமிங்கலத்தை உண்டு வாழ்ந்தவர்கள். அவர்களால் அது குறைந்துபோகவில்லை.

1977 பற்றித் தாங்கள் படித்தது உண்மையே. அந்த ஆண்டு ஆணையம் பழங்குடியினரின் போஹெட் வேட்டைக்கும் தடை விதித்தது. அப்போது எஞ்சியவை 600 முதல் 2,000 வரை இருக்கலாம் என்று அறிவியலாளர் கணித்திருந்தனர். வேட்டைத் தலைவர்கள் அதை ஏற்கவில்லை. அறிவியலாளர் பனி விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிந்தவற்றை மட்டும் எண்ணுகிறார்கள், ஆனால் திமிங்கலங்கள் பனிக்கட்டிக்கு அடியிலும் போகின்றன, கண்ணுக்கெட்டாத தொலைவிலும் போகின்றன என்று எடுத்துரைத்தார்கள். அவ்வாண்டே அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையத்தை நிறுவினார்கள். 1978க்குப் பன்னிரண்டு திமிங்கலம் என்ற சிறு ஒதுக்கீடு கிடைத்தது. பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி, பார்வையோடு செவியையும் சேர்த்து எண்ணியபோது வேட்டைக்காரர் சொன்னதே சரியென்று தெளிவாயிற்று. 2001இல் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியிருந்தது. 2011இல் ஏறத்தாழ 16,800. எண்ணும் முறை திருந்தியதோடு திமிங்கலங்களும் உண்மையாகவே பெருகி வந்திருக்கின்றன.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் பற்றிய வாதங்கள் அனைத்திலும் இந்த அனுபவம் பின்னணியில் நிற்கிறது. தாங்கள் அறிந்ததைப் பிறர் நம்ப மறுத்தால் என்ன நேரும் என்பதை அந்த மக்கள் ஒருமுறை நன்றாகக் கண்டுவிட்டார்கள்.

கேள்வி: எண்ணெய்க் கிணறு ஓரிடத்தில் இருக்கிறது, திமிங்கலம் வேறிடத்தில் போகிறது. கசிவு நேராதவரை இடையூறு எங்கே வருகிறது?

இடையூறு ஓசையில் வருகிறது. கடலடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை அறிய ஆய்வுக் கப்பல்கள் காற்றழுத்தத் துப்பாக்கிகளை இழுத்துச் செல்கின்றன. சில நொடிகளுக்கு ஒருமுறை அவை நீருக்குள் வெடிப்பதைப் போன்ற அதிர்வை எழுப்புகின்றன. அடித்தளப் பாறைகளிலிருந்து எதிரொலித்து வரும் அலையைக் கொண்டு வரைபடம் போடுகிறார்கள். இருண்ட, பனி மூடிய கடலில் செவியை நம்பி வாழும் உயிரினத்துக்கு இது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வசந்த காலத்தில் வேட்டைக் குழுவினர் பனி விளிம்பில் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தால் இது இன்னும் விளங்கும். பனியோடு பனியாகத் தெரிய வெள்ளை மேலங்கி அணிகிறார்கள். உரக்கப் பேசுவதில்லை, பனிமேல் நடப்பதும் மெதுவாகத்தான். தாடிக் கடல்நாயின் தோலைப் போர்த்திய உமியாக் என்னும் படகில், துடுப்பு நீரில் இறங்கும் ஓசைகூட எழாமல் நெருங்குகிறார்கள். இவ்வளவு ஓசையடக்கம் காக்கும் வேட்டையில், தொலைவில் வெடித்துக்கொண்டே இருக்கும் ஒரு கப்பல் என்ன செய்யும் என்பது அவர்களுக்கு எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆயினும் வாதிட வேண்டியிருந்தது. ஆய்வுக் கப்பலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குத்தான் திமிங்கலம் விலகுகிறது என்று முந்தைய ஆய்வுகள் கூறிவந்தன. 1997இல் உட்கியாக்விக்கில் (அப்போது அதன் பெயர் பேரோ) நடந்த கூட்டத்தில், முப்பது மைல் வரை விலகுகின்றன என்று வேட்டைத் தலைவர்கள் எழுத்து மூலமாகவே அறிவித்தார்கள். அதையொட்டி வானிலிருந்து நடத்திய கணக்கெடுப்புகளில், ஆய்வுக் கப்பலைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் போஹெட் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று தெரிய வந்தது. அதற்கு அப்பாலிருந்தே விலகத் தொடங்குகின்றன என்பதும் புலப்பட்டது. அறிவியல் முழுதும் அவர்கள் சொன்ன தொலைவுக்கு வராவிட்டாலும், அவர்கள் பக்கம் நெடுந்தூரம் நகர்ந்து வந்தது.

கேள்வி: திமிங்கலம் இருபது கிலோமீட்டர் விலகிப் போனால் படகை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டலாமே?

இலையுதிர்கால வேட்டைக்குப் பதினெட்டு முதல் இருபத்தைந்து அடி நீளமுள்ள அலுமினியப் படகுகளில் போகிறார்கள். அலாஸ்காவின் வடக்கே உள்ள போஃபோர்ட் கடல் செப்டம்பரில் திடீரென்று கொந்தளிக்கும். கரை தெரியாத தொலைவில் அத்தகைய படகு கவிழ்ந்தால் மீட்க ஆளில்லை. அதைக் கடந்து திமிங்கலத்தைப் பிடித்தாலும், பல டன் எடையுள்ள உடலைப் பல படகுகள் சேர்ந்து மணிக்கணக்கில் இழுத்து வரவேண்டும். தடித்த கொழுப்புப் படலம் உடல் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதால், இறந்த பிறகும் உள்ளே சூடு தணிவதில்லை. இழுவை நீண்டால் கரைக்கு வருவதற்குள் இறைச்சி புளித்துவிடும். அப்படிக் கெட்டால் ஓர் ஊரின் குளிர்கால உணவு போயிற்று, ஒதுக்கீட்டில் ஒன்றும் போயிற்று. நுயிக்சுட், காக்டோவிக் ஊர்களுக்கு இலையுதிர்காலம் தவிர வேறு பருவமும் இல்லை. வசந்தத்தில் பனிப்பிளவுகள் அவர்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் திறக்கின்றன.

கேள்வி: அப்படியானால் எண்ணெயை அடியோடு எதிர்க்காமல் ஏன் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள்? பணத்துக்கு விலைபோனதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

தங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன். 1968இல் புரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டபோது, நிலம் தங்களுடையதாக இருந்தும் அதன் பயன் வெளியே போவதை இனுப்பியாட் மக்கள் கண்டார்கள். 1972இல் எபன் ஹாப்சன் தலைமையில் நார்த் ஸ்லோப் பரோ என்னும் உள்ளாட்சி அமைப்பை உருவாக்கி, எண்ணெய்க் கட்டுமானங்களுக்குச் சொத்து வரி விதித்தார்கள். அதை எதிர்த்து எண்ணெய் நிறுவனங்கள் நீதிமன்றம் வரை சென்றன. அந்த வரியில்தான் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, குடிநீர், தீயணைப்பு எல்லாம் வந்தன. திமிங்கலங்களை எண்ணும் ஆய்வுக்கே அந்தப் பணம்தான் கைகொடுத்தது. பிள்ளைகள் ஊரிலேயே உயர்நிலைப் பள்ளி முடிக்க முடிந்ததும் அதனால்தான்.

எனவே நிலத்தில் எடுக்கும் எண்ணெயைப் பெரும்பாலோர் ஏற்றார்கள். கடலில் எடுப்பதைக் கண்டு அஞ்சினார்கள். கடலைத் தங்கள் தோட்டம் என்று அவர்கள் சொல்வதுண்டு. ஒரே குடும்பத்தில் ஒருவர் எண்ணெய்வயலில் வேலை பார்ப்பார், அவர் அண்ணன் வேட்டைத் தலைவராக இருப்பார். வேலை பார்ப்பவரின் சம்பளத்தில்தான் படகின் இயந்திரமும் எரிபொருளும் வாங்குவார்கள். 2005 முதல் 2011 வரை நார்த் ஸ்லோப் பரோவின் தலைவராக இருந்த எட்வர்ட் இட்டா தாமே வேட்டைத் தலைவர். கடலில் எல்லாம் அளவுமீறி, அவசரமாக நடக்கிறது என்று அவர் வழக்கும் தொடுத்தார். பின்பு நிறுவனத்தோடு அமர்ந்து நிபந்தனைகளையும் பேசினார். பொறுப்பில் இருப்பவருக்கு இரண்டும் கடமை.

கேள்வி: "மோதல் தவிர்ப்பு ஒப்பந்தம்" என்பது என்ன? அதற்கு மதிப்பு உண்டா?

1980களின் நடுவில் தொடங்கிய ஏற்பாடு அது. ஒவ்வோர் ஆண்டும் வேட்டைத் தலைவர்களின் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையமும் எண்ணெய் நிறுவனங்களும் கூடி, எந்தக் கப்பல் எந்த வழியே போகலாம், எந்த நாளில் பணியை நிறுத்த வேண்டும், வானொலியில் யாருடன் தொடர்பு கொள்ள வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிடுகின்றன. ஊர்களில் தகவல் நிலையங்கள் அமைத்து வேட்டைக்காரரையே பணியில் வைக்கிறார்கள். உதாரணமாக, போஃபோர்ட் கடலில் ஷெல் நிறுவனத்தின் திட்டத்தில், ஆகஸ்ட் 25இல் பணியை நிறுத்திவிட்டு, காக்டோவிக், நுயிக்சுட் ஊர்களின் வேட்டை முடிந்த பிறகே மீண்டும் தொடங்கவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2012இல் அங்கே துளையிடத் தொடங்கியது அக்டோபரில்தான்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்படி எந்தச் சட்டமும் நேரடியாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வாழ்வாதார வேட்டைக்குத் தகாத பாதிப்பு இல்லை என்று காட்டினால்தான் கடல் பாலூட்டிகளைத் தொந்தரவு செய்யும் பணிக்கு அரசின் அனுமதி கிடைக்கும். அதைக் காட்ட எளிய வழி இந்தக் கையொப்பமே.

கேள்வி: நார்த்ஸ்டார் செயற்கைத் தீவு வெற்றி என்கிறார்களே?

2001இல் எண்ணெய் உற்பத்தி தொடங்கிய அந்தச் சரளைத் தீவு கரையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் உள்ளது. எண்ணெய் கடலடியில் புதைத்த குழாய் வழியே கரை சேர்கிறது. ஆண்டுதோறும் ஒலிவாங்கிகள் வைத்துக் கவனித்தார்கள். தீவிலிருந்து எழும் ஓசையைக் காட்டிலும் அங்கே போய்வரும் படகுகளின் இரைச்சலே பெரிது என்று தெரிந்தது. பிறகு ஆட்களைக் கொண்டு செல்ல ஓசை குறைந்த ஹோவர்கிராஃப்ட் பயன்படுத்தினார்கள். ஓர் இடத்தில் நிலையாக இருந்து, கவனித்துத் திருத்திக்கொண்ட திட்டம் என்ற அளவில் அது நற்சான்று பெறும். ஆனால் நுயிக்சுட் மக்களின் வேட்டைத் தளமான கிராஸ் தீவைச் சுற்றி இதைப் போல் பல வந்தால் என்னவாகும் என்பதே அவர்களின் கேள்வி. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே பார்த்தால் பாதிப்பு சிறிது என்றே அறிக்கை வரும். கூட்டிப் பார்ப்பவர் குறைவு. என் பார்வையில் அரசின் நடைமுறையிலேயே பெரிய குறை இதுதான்.

கேள்வி: ஷெல் ஏன் போய்விட்டது? எதிர்ப்பு வென்றதா?

2008இல் அலாஸ்காவின் வடமேற்கே உள்ள சுக்சி கடலில் எண்ணெய்க் குத்தகைகளுக்கு ஏறத்தாழ 210 கோடி டாலர் கொடுத்தது. அதற்கு முன்பே, போஃபோர்ட் கடலில் துளையிடும் திட்டத்தை அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையமும் நார்த் ஸ்லோப் பரோவும் பிறரும் தொடுத்த வழக்கில் 2007இல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2012 டிசம்பர் 31இல் அதன் குல்லுக் துளையிடும் கலம், இழுத்துச் செல்லும்போது கோடியாக் தீவுக்கு அருகே புயலில் தரைதட்டியது. 2015இல் சுக்சி கடலில் துளையிட்ட கிணற்றில் போதிய எண்ணெய் கிடைக்காததால் செப்டம்பரில் விலகியது. வழக்கு காலத்தை நீட்டியது, கடல் தன் வலிமையைக் காட்டியது, கிணறு ஏமாற்றியது. மூன்றும் சேர்ந்த முடிவு அது. அதற்குப் பிறகு குத்தகைக்குத் தடை, தடை நீக்கம், மீண்டும் தடை, மீண்டும் நீக்கம் என்று அதிபர் மாறும்போதெல்லாம் கொள்கை மாறிவருகிறது.

கேள்வி: எண்ணெய் கசிந்தால் அள்ள முடியாதா?

உடைந்த பனிக்கட்டிகளுக்கு இடையிலும் பனிக்கு அடியிலும் பரவிய எண்ணெயை அள்ளுவது மிகக் கடினம். கடலோரக் காவல்படையின் அருகிலுள்ள நிரந்தர விமானத் தளமே கோடியாக்கில்தான் இருக்கிறது. உட்கியாக்விக்கிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர். போஹெட் மூச்சுவிட மேலே வருவது பனிப்பிளவுகளில். எண்ணெய் வந்து சேர்வதும் அதே பிளவுகளில்தான்.

கேள்வி: அங்கே போனால் திமிங்கல இறைச்சி விலைக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. விற்பது சட்ட விரோதம். விருந்தினராகப் போனால் மக்டாக் என்னும் தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டைத் தாங்கள் கேட்காமலேயே தருவார்கள்.

கேள்வி: நலுக்கட்டாக் விழா எப்போது நடக்கும்?

ஜூன் மாதத்தில். வசந்தத்தில் திமிங்கலம் கிடைத்த குழுக்கள் மட்டுமே அதை நடத்தும். தாடிக் கடல்நாய்த் தோல்களைச் சேர்த்துத் தைத்த பெரிய விரிப்பைச் சுற்றி நின்று பிடித்து, ஒருவரை அதன்மேல் நிறுத்தி, வானுக்குத் தூக்கி எறிகிறார்கள். அன்று காலை முதல் இரவு வரை ஊர் முழுவதும் வட்டமாக அமர்ந்திருக்க, வேட்டைத் தலைவரின் குடும்பத்தார் இறைச்சியையும் மக்டாக்கையும் ஒவ்வொருவர் கையிலும் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பைகளோடுதான் வருகிறார்கள். வர முடியாத முதியவர்களுக்கு அவர்கள் பங்கு வீடு தேடிப் போகும்.