பதில்: இன்வாய்ஸ்ல 1 காசு இடிக்குது, தொகை வைக்கிற காலம் (column) ஃப்ளோட்ல இருக்கு

ப்ரோ, சிங்கப்பூர் தேக்கா கடைகளுக்கு மளிகை சப்ளை பண்ற இன்வாய்ஸ்ல ஸ்கிரீன்ல ஒரு டோட்டல், டேட்டாபேஸ் ரிப்போர்ட்ல 1 காசு வேறன்னு சொல்றீங்க. ஃப்ளோட்ட (தசம எண்ண தோராயமா வைக்கிற டேட்டா டைப்) முதல்ல தூக்குங்க, அதுல 0.09 கூட துல்லியமா நிக்காது, 1.005ன்னு போட்டா உள்ள 1.00499...ன்னு தான் உக்காந்திருக்கும். பேக்கப் எடுத்துட்டு டெசிமல் 12,2க்கு (மொத்தம் 12 இலக்கம், அதுல புள்ளிக்கு அப்புறம் 2) மாத்துங்க, இல்ல எல்லாத்தையும் காசுல இன்டிஜரா, அதாவது முழு எண்ணா வைங்க.

ஆனா உங்க கேஸ்ல அது மட்டும் இல்லன்னு நினைக்கிறேன். 1 வெள்ளி 50 காசுக்கு மூணு ஐட்டம் போடுங்க. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா 9% ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) போட்டா 0.135, அது 0.14 ஆகி மொத்தம் 0.42. டோட்டல் 4.50க்கு போட்டா 0.405, அதாவது 0.41. ரெண்டு முறையும் ஐராஸ் (சிங்கப்பூர் வரி ஆணையம்) ஒத்துக்கும், ஆனா ஒண்ண புடிச்சா அதையே புடிச்சுக்கணும். இன்னொரு வில்லங்கம் என்னன்னா அந்த 0.405அ மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) டெசிமல்ல ரவுண்ட் பண்ணா 0.41, பைத்தான் (ப்ரோக்ராம் மொழி) டெசிமல் சும்மா விட்டா இரட்டைப்படை பக்கம் சாஞ்சு 0.40 தரும், அதனால ரவுண்டிங்க ஒரே இடத்துல, ஹாஃப் அப்னு (சரிபாதி வந்தா மேல ஏத்து) தெளிவா சொல்லி பண்ணுங்க.

கணக்கு போட்ட ஜிஎஸ்டி தொகையையும் ரேட்டையும் இன்வாய்ஸ் கூடவே சேவ் பண்ணிடுங்க, 2024ல 8% போய் 9% ஆனப்ப பழைய பில்ல திரும்ப கணக்கு போட்டவங்க பாடு திண்டாட்டம் தான். ரொக்கத்துக்கு 5 காசு ரவுண்டிங் இருந்தா அது கடைசி டோட்டலுக்கு மட்டும், டேபிள்ல தனி காலத்துல (column).